தேசங்களை வரிசையில் நிறுத்தும் பரீட்சை

ஒரு தேசத்துப் பள்ளிக்கூடங்கள் இன்னொரு தேசத்துப் பள்ளிக்கூடங்களைக் காட்டிலும் தம் பிள்ளைகளுக்கு நன்றாகக் கற்பிக்கின்றனவா என்று கேட்பது எளிது. அதற்கு நியாயமான விடை காணும் முயற்சியோ ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. 1817 இல் பிரான்ஸ் தேசத்து மார்க் அந்துவான் ஜூலியன் என்பவர், ஒரே விதமான வினாக்களை ஐரோப்பிய நாடுகள் அனைத்துக்கும் அனுப்பி, வருகிற விடைகளை அட்டவணையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கல்வியும் ஒரு சாஸ்திரமாகும் என்று ஒரு சிறு நூலில் யோசனை கூறினார். பின்னாளில் கல்கத்தா சர்வகலாசாலைக் குழுவின் தலைவராக 1917 முதல் 1919 வரை நம் நாட்டில் பணியாற்றிய மைக்கேல் சாட்லர், 1900 இல் கில்ஃபோர்டு நகரில் செய்த ஒரு பிரசங்கத்தில், ஒரு நாட்டுப் பள்ளிக்கு உள்ளே நடப்பதை அறிய வேண்டுமானால் பள்ளிக்கு வெளியே இருப்பவற்றை, அதாவது அச்சமூகத்தின் வாழ்க்கையையும் போராட்டங்களையும், முதலில் அறிய வேண்டும் என்று எச்சரித்தார். ஒப்பிட்டு அளக்கலாம் என்ற ஜூலியனின் நம்பிக்கையும், வேரோடு பார்க்காமல் ஒப்பிடாதே என்ற சாட்லரின் எச்சரிக்கையும் இன்றுவரை இந்த விஷயத்தில் பக்கம் பக்கமாகவே நடந்து வருகின்றன.

பிள்ளைகளின் கையில் வினாத்தாளைக் கொடுத்தே தேசங்களை ஒப்பிடலாம் என்ற எண்ணம் 1958 இல் ஹாம்பர்க் நகரில் கூடிய கல்வி ஆராய்ச்சியாளர்களிடையே உருவாயிற்று. அவர்கள் அமைத்த சர்வதேசச் சங்கம் முதலில் பன்னிரண்டு நாடுகளின் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு வெள்ளோட்டம் நடத்திவிட்டு, 1964 இல் பன்னிரண்டு நாடுகளில் கணிதப் பரீட்சை ஒன்றை நடத்தியது. அதற்குத் தலைமை தாங்கிய ஸ்வீடன் தேசத்து டார்ஸ்டென் ஹுசேன், இது தேசங்களுக்கிடையே நடக்கும் பந்தயமல்ல என்பதில் உறுதியாக இருந்தார். அவருடைய குழுவினர் மாணவரைப் பரீட்சித்ததோடு நில்லாமல், ஒவ்வொரு கணக்கையும் காட்டி, இதை உம்முடைய வகுப்பில் கற்பித்திருக்கிறீரா என்று உபாத்தியாயரையும் கேட்டார்கள். கற்பிக்கப்படாததை அறியாத பிள்ளையைக் குறை சொல்வது நீதியன்று என்ற தெளிவு அந்தக் கேள்வியில் இருந்தது. பிற்கால ஆராய்ச்சிக்கு அக்குழு விட்டுச் சென்ற சொத்துக்களில் இதையே நான் தலைமையானதாக மதிக்கிறேன். 1970, 1971 ஆம் ஆண்டுகளில் இச்சங்கம் நடத்திய பல பாட ஆய்வில் சிலி, ஈரான், தாய்லாந்து ஆகியவற்றோடு இந்தியாவும் சேர்ந்து, இந்தி வழங்கும் பகுதிகளின் மாணவரை விஞ்ஞானத்திலும் வாசிப்பிலும் பரீட்சைக்கு அமர்த்தியது. கிடைத்த விடைகள் மிகத் தாழ்ந்தவை. ஆனால் நாட்டில் அதைப் பற்றிப் பெரிய விவாதம் எதுவும் எழவில்லை.

இன்று உலகமெங்கும் பேசப்படும் பிஸா பரீட்சை, பாரிஸில் தலைமையிடம் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி ஸ்தாபனத்தால் 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கல்விச் சங்கம் நடத்திய பரீட்சைக்கும் இதற்கும் உள்ள பேதம் முக்கியமானது. அது பாடத்திட்டத்தில் உள்ளதைக் கேட்டது. இதுவோ, பாடத்திட்டம் எதுவாயினும், கட்டாயக் கல்வியின் முடிவை நெருங்கும் பதினைந்து வயதுப் பிள்ளை தான் கற்ற வாசிப்பையும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் வாழ்க்கையில் எதிர்ப்படும் ஒரு காரியத்துக்குப் பிரயோகிக்க வல்லதா என்று கேட்கிறது. முதற் சுற்றில் முப்பத்திரண்டு நாடுகள் கலந்துகொண்டன. மூன்றாண்டுக்கு ஒரு முறை நடந்து, கொரோனாக் காலத்தில் ஓராண்டு தள்ளிப்போய், 2022 இல் நடந்த சுற்றில் எண்பத்தொரு நாடுகளும் பிரதேசங்களும் சேர்ந்து ஏறக்குறைய 6,90,000 மாணவர்களை எழுதச் செய்தன.

வினா எப்படிப்பட்டது என்பதைக் காணாமல் இப்பரீட்சையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவோர் பலர். ஆகவே ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2000 ஆம் ஆண்டு வினாக்களில் ஒன்று ஆப்பிள் தோட்டத்தைப் பற்றியது. ஒரு குடியானவர் ஆப்பிள் மரங்களைச் சதுரமாக நடுகிறார். காற்றிலிருந்து அவற்றைக் காக்கச் சுற்றிலும் ஊசியிலை மரங்களை வைக்கிறார். ஒரு வரிசை ஆப்பிளானால் நடுவில் ஒரு மரம், சுற்றிலும் எட்டு; இரண்டு வரிசையானால் நான்கு ஆப்பிள், சுற்றிலும் பதினாறு; மூன்றானால் ஒன்பதும் இருபத்து நான்கும். படம் வரைந்து காட்டி, அட்டவணையை ஐந்து வரிசை வரை பூர்த்தி செய்யும்படி முதலில் கேட்கிறார்கள். இரண்டு வகை மரங்களும் எண்ணிக்கையில் எப்போது சமமாகும் என்பது அடுத்த கேள்வி. எட்டு வரிசையில் இரண்டும் அறுபத்து நான்காகி ஒத்து நிற்கின்றன. தோட்டத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போனால் எந்த வகை மரம் விரைவாகப் பெருகும், ஏன் என்று விளக்குக என்பது மூன்றாவது. முதற் கேள்வியை எண்ணத் தெரிந்த பிள்ளை போட்டுவிடும். இரண்டாவதைச் சமன்பாடு தெரிந்த பிள்ளை போட்டுவிடும். மூன்றாவதற்கோ, ஒன்று தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு வளர்கிறது, மற்றொன்று எட்டு எட்டாகத்தான் கூடுகிறது என்று கண்டு, கண்டதைச் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். வளமான நாடுகளிலும் அதற்கு முழு மதிப்பெண் பெற்றவர்கள் மிகச் சிலரே. கணக்கை மனப்பாடம் செய்வதற்கும் கணக்கால் சிந்திப்பதற்கும் உள்ள தூரம் முழுவதும் இந்த ஒரு தோட்டத்தில் அடங்கியிருக்கிறது. வினாவை உண்டாக்கியவர்களின் புத்திக்கூர்மையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பரீட்சையின் உள்யந்திரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இங்கும் ஆதாரம். ஆனால் அந்தச் சோற்றை எடுக்கிற விதத்தில் மிகுந்த சிரத்தை காட்டப்படுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது நூற்றைம்பது பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தெரிந்து, ஒவ்வொரு பள்ளியிலும் முப்பத்தைந்து, நாற்பது மாணவர்களை அதே முறையில் தெரிந்து எழுதச் செய்கிறார்கள். மொத்த வினாக்களையும் எழுதப் பல மணி நேரம் பிடிக்குமாயினும் ஒரு மாணவன் எழுதுவது இரண்டு மணி நேரமே. வெவ்வேறு மாணவர் வெவ்வேறு தொகுப்பை எழுத, அவற்றைப் புள்ளியியல் முறையால் பின்னி நாட்டின் நிலையைக் கணிக்கிறார்கள். ஆதலால் இப்பரீட்சையில் தனி மாணவனுக்கு மதிப்பெண் இல்லை. கிடைப்பது கூட்டத்தின் அளவு மட்டுமே. அந்த அளவு, தொடக்கத்தில் வளர்ந்த நாடுகளின் சராசரி 500 என்று வருமாறு அமைக்கப்பட்டது.

கணிப்பு என்றாலே பிழை வரம்பு உண்டு. மூன்று நான்கு புள்ளி வித்தியாசத்தில் மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு நாடுகளில் எது உண்மையில் முந்தியது என்று சொல்ல முடியாது என்பதை அந்த ஸ்தாபனமே தன் அறிக்கையில் அச்சிடுகிறது. ஆனால் மறுநாள் பத்திரிகையில் வருவது பன்னிரண்டாம் இடம், பதினேழாம் இடம் என்ற வரிசை மாத்திரமே. அந்தக் கணிப்பு முறையின் அஸ்திவாரத்தையே ஐயுற்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு வினா எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு கடினமானதாக இருக்க வேண்டும் என்று அம்முறை எதிர்பார்க்கிறது. அப்படி இல்லை என்பதை டென்மார்க் புள்ளியியல் அறிஞர் ஸ்வெண்ட் கிரெய்னர் 2006 ஆம் ஆண்டு வாசிப்பு விடைகளை மீண்டும் ஆராய்ந்து காட்டி, வினாக்களைச் சற்று மாற்றித் தெரிந்தால் சில நாடுகளின் இடம் வெகுவாக மாறிவிடும் என்று வாதித்தார். இந்த ஆட்சேபத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஆயினும் அது சாய்ப்பது வரிசையைத்தான். அடிப்படை வாசிப்புக்கே எட்டாத பிள்ளைகள் ஒரு நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேரா, எண்பது பேரா என்ற பேதத்தை எந்தக் கணிப்புப் பிழையும் அழித்துவிடாது. அறிக்கையில் படிக்க வேண்டிய எண்ணும் அதுவே என்பது என் துணிபு.

இதை முதலில் உணர்ந்த தேசம் ஜெர்மனி. காண்ட்டையும் ஹும்போல்ட்டையும் ஈன்ற நாடு, ஆராய்ச்சிச் சர்வகலாசாலை என்பதை உலகுக்கு அளித்த நாடு, தன் பள்ளிகளைப் பற்றிச் சந்தேகம் என்பதே இல்லாதிருந்தது. 2001 டிசம்பரில் முடிவுகள் வெளிவந்தபோது வாசிப்பில் 484, கணிதத்தில் 490, விஞ்ஞானத்தில் 487 என்று மூன்றிலும் அது சராசரிக்குக் கீழே இருந்தது. பத்திரிகைகள் மாதக்கணக்கில் அதையே எழுதின. அந்த அதிர்ச்சிக்கென்று ஜெர்மானிய பாஷையில் ஒரு தனிப் பதமே வழக்குக்கு வந்தது. ஆனால் அறிந்தோர் நெஞ்சைச் சுட்டவை வேறு இரண்டு செய்திகள். பதினைந்து வயதினரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வாசிப்பின் கடைசிப் படியிலோ அதற்கும் கீழோ நின்றார்கள் என்பது ஒன்று. பெற்றோரின் அந்தஸ்துக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் உள்ள பிணைப்பு, பங்கு கொண்ட நாடுகளிலேயே மிக இறுக்கமாக இருந்தவற்றுள் ஜெர்மனியும் ஒன்று என்பது மற்றொன்று. அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதில், நான்காம் வகுப்பு முடிந்தவுடன், சர்வகலாசாலைக்குப் போகும் பள்ளி, நடுத்தர உத்தியோகத்துக்குப் போகும் பள்ளி, கைத்தொழிலுக்குப் போகும் பள்ளி என்று பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். அந்தப் பிரிவினை திறமையைப் பார்த்து நடக்கிறது என்று நம்பியிருந்த ஒரு சமூகத்துக்கு, அது பெருமளவு குடும்பத்தைப் பார்த்து நடக்கிறது என்பதை ஓர் அந்நிய அட்டவணை எடுத்துக் காட்டிற்று. தொழிலாளரின் பிள்ளைகளும், துருக்கியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் கீழ்ப் பள்ளிகளில் குவிந்து கிடந்தார்கள்.

ஜெர்மனி அந்தச் செய்தியை ஏற்றுக்கொண்டது என்பதே அதன் பெருமை. எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான கல்வித் தரங்களை 2003, 2004 ஆம் ஆண்டுகளில் வகுத்தார்கள். அவற்றை அளக்க 2004 இல் பெர்லினில் ஒரு தனி நிலையம் அமைத்தார்கள். நண்பகலோடு முடிந்துவந்த பள்ளியை முழுநாளாக்கப் பணம் ஒதுக்கினார்கள். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஜெர்மன் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். பத்தாண்டுக் காலம் எண்களும் ஏறிவந்தன. பிறகு இறங்கின, 2022 இல் கணிதம் 475 ஆகவும் வாசிப்பு 480 ஆகவும் குறைந்து, தொடங்கிய இடத்துக்கும் கீழே வந்துவிட்டன. பத்து வயதுப் பிரிவினையில் மட்டும் பெரிதாக யாரும் கை வைக்கவில்லை.

அதிர்ச்சி ஜெர்மனிக்கு வாய்த்ததென்றால் கீர்த்தி பின்லாந்துக்கு வாய்த்தது. வாசிப்பில் 546 பெற்று முதற் சுற்றிலேயே தலைமை எய்திய அச்சிறு நாட்டுக்கு உலகெங்கிலுமிருந்து கல்வி மந்திரிகளும் அதிகாரிகளும் யாத்திரை போனார்கள். பரீட்சைகள் குறைவு, வீட்டுப் பாடம் குறைவு, உபாத்தியாயருக்குச் சுதந்திரம் அதிகம் என்று கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டு திரும்பினார்கள். ஆனால் 2000 ஆம் ஆண்டில் பதினைந்து வயதான பிள்ளையை உருவாக்கியவை எவை? 1970களில் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்பது ஆண்டு ஒரே பள்ளியில் சேர்த்த சீர்திருத்தம், அதே பத்தாண்டின் முடிவில் உபாத்தியாயர் அனைவருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்று விதித்த ஏற்பாடு, அவற்றுக்கும் முன்பிருந்தே வேரூன்றிய வாசிப்புப் பழக்கம் ஆகியவை. யாத்திரை போனவர்கள் அன்றைய வகுப்பறையைக் கண்டார்கள். அன்றைய மதிப்பெண்ணோ முந்தைய தலைமுறையின் உழைப்பு. கணிதத்தில் 2003 இல் 544 பெற்ற பின்லாந்து 2022 இல் 484 பெற்றது. சாட்லர் எச்சரித்த பிழைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

போலந்து 1999 இல் பிள்ளைகளைப் பிரிக்கும் வயதை ஓராண்டு தள்ளிவைத்தது. அதன் வாசிப்பு 479 இலிருந்து 2006 க்குள் 508 ஆக ஏறியது. ஏற்றத்துக்கு அது ஒன்றே காரணம் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், அந்த ஏற்றத்தில் பெரும் பங்கு பின்தங்கியிருந்த மாணவர்களுடையது என்பது கவனிக்கத் தக்கது. அந்தச் சீர்திருத்தம் ஏற்படுத்திய நடுநிலைப் பள்ளிகளை அந்நாட்டு அரசாங்கம் 2017 இல் கலைக்கத் தொடங்கியது.

ஒரு நாட்டின் எண்ணைப் படிக்குமுன், அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்க வேண்டும். 2009 இல் முதன்முறை பங்குகொண்ட ஷாங்காய் நகரம் கணிதத்தில் 600 பெற்று உலகை வியப்பில் ஆழ்த்தியது; 2012 இல் அது 613 ஆயிற்று. சீனம் முழுவதும் வென்றதாகவே பலர் பேசினார்கள். ஆனால் ஷாங்காயில் கட்டடம் கட்டவும் தெருக் கூட்டவும் கிராமங்களிலிருந்து வந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்நகரில் குடிப் பதிவு இல்லை. பதிவு இல்லாத பிள்ளை அங்கே மேல்நிலைப் பள்ளிக்குப் போவது அரிதாகையால், பதினைந்து வயதை நெருங்கும்போது சொந்த ஊருக்குத் திரும்பிவிடும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் டாம் லவ்லஸ் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். வியத்நாமும் 2012 இல் கணிதத்தில் 511 பெற்றுச் செல்வ நாடுகள் பலவற்றை முந்தியது. ஆனால் அந்நாட்டின் பதினைந்து வயதினரில் நூற்றுக்கு 56 பேரே அந்தப் பரீட்சையின் வலைக்குள் அடங்கியவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் பள்ளியை விட்டு வயலுக்கோ ஆலைக்கோ போய்விட்டவர்கள். வியத்நாமியப் பள்ளிகளின் சாதனையை இதனால் நான் மறுக்கவில்லை. அது மெய்யானது, ஏழை நாடுகள் படித்தறிய வேண்டியது. ஆனால் பள்ளியில் இல்லாத பிள்ளைக்கு அட்டவணையில் பூஜ்யம்கூடப் போடப்படுவதில்லை என்பதை மறக்கலாகாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தனக்கு மதிப்பெண்ணே வராத ஒரு பரீட்சையைப் பதினைந்து வயதுப் பிள்ளை எதற்காக முயன்று எழுத வேண்டும்? ஆராய்ச்சியாளர் உரி நீஸியும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளில், பழைய பிஸா வினாக்கள் இருபத்தைந்தை எழுதுமுன் சில மாணவர் கையில் இருபத்தைந்து டாலர் அடங்கிய உறையைக் கொடுத்து, தவறும் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு டாலர் எடுத்துக்கொள்ளப்படும் என்றார்கள். முன்கூட்டிச் சொல்லாததால் ஒருவரும் தயாரித்துக்கொண்டு வரவில்லை. ஆயினும் பணம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாக எழுதினார்கள். ஷாங்காயிலும் அதற்கு ஈடான தொகை கொடுத்தார்கள். அங்கே மாற்றமே இல்லை, ஏனெனில் அங்குள்ள பிள்ளைகள் பணமில்லாமலே முழு மூச்சோடு எழுதியிருந்தார்கள். அப்படியானால் தேசங்களுக்கிடையே நாம் அறிவு வித்தியாசம் என்று எண்ணுவதில் ஒரு பகுதி ஊக்க வித்தியாசம். ஸ்பெயின் தேசத்தில் 2018 இல் பல மாணவர் வாசிப்பு வினாக்களின் ஒரு பகுதியைப் படிக்கக்கூட நேரம் எடுக்காமல் விடை தட்டிவிட்டதைக் கண்டு, அந்நாட்டு வாசிப்பு முடிவை ஸ்தாபனமே பல மாதம் நிறுத்திவைத்தது.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2009 சுற்றின் நீட்சியாக 2010 இல் நடந்த பரீட்சையில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு 2011 டிசம்பரில் வெளிவந்தது. தமிழ்நாடு வாசிப்பில் 337, கணிதத்தில் 351, விஞ்ஞானத்தில் 348. இமாசலம் 317, 338, 325. எழுபத்து நான்கு இடங்களில், வாசிப்பிலும் கணிதத்திலும் இவ்விரண்டுக்கும் பின்னால் நின்றது கிர்கிஸ்தான் ஒன்றே; விஞ்ஞானத்தில் இமாசலமே கடைசி. தமிழ்நாட்டு மாணவர்களில் வாசிப்பின் அடிப்படை நிலையை எட்டியவர்கள் நூற்றுக்கு 17 பேர், கணிதத்தில் 15 பேர், விஞ்ஞானத்தில் 16 பேர். வாசிப்பில் வளர்ந்த நாடுகளின் சராசரி 81. பத்தாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் தேறிவந்த அதே காலத்தில், அதே மாநிலத்தில், இது நிகழ்ந்தது. இரண்டு பரீட்சையும் ஒரே பொருளை அளக்கவில்லை என்று விளக்கம் சொல்லலாம், அது சரிதான். ஆனால் பாடப் புத்தகத்தின் பின்பக்க வினாக்களுக்கு விடை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைப் படித்து அதிலிருந்து ஒரு செய்தியைத் தேடி எடுக்கத் தெரியவில்லை என்பதல்லவா அந்த விளக்கத்தின் பொருள்?

இந்திய அரசாங்கம் வேறு விதமாக யோசித்தது. வினாக்கள் நம் நாட்டுச் சமூகச் சூழலுக்குப் பொருந்தாதவை என்று ஆட்சேபம் தெரிவித்து, 2012 சுற்றிலிருந்து விலகிக்கொண்டது. அந்த ஆட்சேபத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஐரோப்பிய வீதியையும் கடையையும் களமாகக் கொண்ட வினா நம் கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு படி கூடுதல் சிரமம் தரும். ஆனால் அந்த ஆப்பிள் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஆப்பிள் விளையும் இமாசலத்துப் பிள்ளைக்கு அத்தோட்டம் அந்நியமா? தோப்பைக் காற்றிலிருந்து காக்கச் சவுக்கு நடுகிற கடலோரக் கிராமத்துப் பிள்ளைக்குத்தான் அந்த யோசனை புரியாதா? எட்டாத இடம் மரமன்று. ஏன் என்று விளக்குக என்ற கடைசிக் கேள்வி. அதை நம் வகுப்பறைகள் கேட்பதே இல்லை. உபாத்தியாயர் கேட்காததற்கு அவரை மட்டும் குறை சொல்ல நான் ஒருப்படேன். தேர்ச்சி விகிதத்தைக் காட்டித்தான் அவருடைய பள்ளி மதிக்கப்படுகிறது, அவ்விகிதத்தைத் தரும் வினாத்தாளில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

2021 ஆம் ஆண்டுச் சுற்றில் சண்டிகர் பள்ளிகளையும் மத்திய அரசின் கேந்திரிய, நவோதயப் பள்ளிகளையும் மட்டும் சேர்த்து மீண்டும் பங்குகொள்ள இந்தியா முடிவு செய்தது. தெரிந்தெடுத்த பிள்ளைகளின் பள்ளிகளைக் கொண்டு ஒரு தேசத்தை அளப்பது ஷாங்காய் காட்டிய வழியே. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன அந்தச் சுற்று 2022 இல் நடந்தபோது அதிலும் இந்தியா இல்லை. இதற்கிடையில் பாரிஸ் ஸ்தாபனம், ஏழை நாடுகள் சொல்லிவந்த குறைகளைக் கேட்டு, வளரும் நாடுகளுக்கென்று தனியாக ஒரு பரீட்சை வகுத்தது. அதில் எளிய வினாக்கள் கூட்டப்பட்டன. கடைசிப் படிக்குக் கீழே நிற்கும் பிள்ளையும் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது, எழுத்துக் கூட்டுவதிலா, வாக்கியத்தைப் புரிந்துகொள்வதிலா என்று அறிய வழி செய்யப்பட்டது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளை வீட்டிலேயே போய்ச் சந்தித்து அளக்கவும் ஒரு பகுதி ஏற்பட்டது. கம்போடியா, செனகல், ஜாம்பியா, எக்குவடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், பராகுவே ஆகிய ஏழு நாடுகளின் பள்ளிகளில் நடந்த அப்பரீட்சையின் முடிவுகள் 2018 டிசம்பரில் வெளியிடப்பட்டன. அவற்றின் எண்களும் தாழ்ந்தவையே. தமிழ்நாட்டின் 17 க்கு வெளியே நின்ற 83 பேர் எந்தப் படியில் தடுக்கினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க இன்று அப்படியொரு கருவி இருக்கிறது. நம் மாநிலமோ நம் நாடோ அதைக் கையில் எடுக்கவில்லை.